வாடகை வாங்கிய தருமம்: லண்டன் பீபாடி அறக்கட்டளையின் வரலாறு

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. சொந்த ஊரில், சொந்த மனையில் வீடு எழுப்புவோனுக்கே இத்துணைத் தொல்லை என்றால், பிழைப்பை நாடிப் பெருநகருக்கு வந்து வாடகைக்கு ஓர் அறை தேடி அலைவோனின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறி வாழும் தமிழ் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேலை கிடைத்த பின்னும் வீடு கிடைக்காமல் தவிப்பதும், சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகைக்கே கொடுத்துவிட்டு எஞ்சியதைக் கொண்டு காலங்கழிப்பதும் அவர்களுட் பலர் பட்டறிந்த செய்திகளே.

நம் முன்னோர் செய்த அறங்களுள் தண்ணீர்ப் பந்தலும் அன்னசத்திரமும் வழிப்போக்கர் தங்கும் சாவடியும் சிறப்பிடம் பெற்றிருந்தன. ஆனால் சத்திரமும் சாவடியும் வழிப்போக்கனுக்கே உரியவை. ஓரிரு நாள் தங்கிக் களைப்பாறித் தன் வழியே செல்வோனுக்கு அவை போதும். நகரிலேயே தங்கி, அங்கேயே உழைத்து, அங்கேயே மக்களைப் பெற்று வளர்க்கும் ஏழைத் தொழிலாளிக்கு அவை உதவமாட்டா. அவனுக்கு வேண்டுவது வீடு. வீட்டை அறமாக வழங்க இயலுமா? இயலுமெனில், அதனை இலவசமாக வழங்குவதா, வாடகைக்கு விடுவதா? கேட்போர் பலராகவும் வீடுகள் சிலவாகவும் இருக்கும்பொழுது யாருக்கு முதலில் கொடுப்பது? இவ்வினாக்களுக்கு, 1862-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் தோன்றிய பீபாடி அறக்கட்டளை ஒரு விடை கண்டது. அவ்விடையின் சிறப்பும் குறையும் ஒரே வேரில் முளைத்தவை என்பதை எடுத்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் லண்டன் நகரம் கண்டறியாத வேகத்தில் வளர்ந்தது. 1801-இல் ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1861-இல் 28 லட்சமாகப் பெருகியது. நாட்டுப்புறங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைப்புத் தேடி மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். வந்தோர் தொகை பெருகிய அதே காலத்தில், ஏழைகள் வாழ்ந்த வீடுகள் இடிக்கப்பட்டும் வந்தன. ரயில் பாதைகளும் அகன்ற தெருக்களும் அமைப்பதற்கு நிலம் தேவைப்பட்டது. விலை குறைந்த நிலம் ஏழைகளின் குடியிருப்பு நிலமாகவே இருந்தது. வீடிழந்தவர்கள் நகருக்கு வெளியே சென்று குடியேற இயலவில்லை. துறைமுகத்துக் கூலியாள் விடியற்காலையில் வாயிலில் நின்றாலன்றி அன்றைய வேலை கிடைக்காது. தொலைவிலிருந்து நாள்தோறும் வண்டியேறி வருவதற்கு அவனிடம் பொருளும் இல்லை. ஆகவே அவர்கள் அடுத்த சந்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு புகுந்தனர். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்பதே வழக்கமாயிற்று. வீட்டுக்காரரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவருக்குக் கொடுக்க, அவர் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார். வெளிச்சமும் காற்றும் புகாத அந்தச் சந்துகளில் நல்ல தண்ணீரும் கழிவுநீர் வசதியும் அரியனவாக இருந்தன. 1832, 1849, 1854 ஆகிய ஆண்டுகளில் காலரா நோய் நகரைத் தாக்கியபொழுது, உயிரிழந்தோருள் மிகப் பலர் ஏழைகளே.

இந்நிலையைக் கண்டு 1840-களிலேயே சில சங்கங்கள் தொழிலாளருக்கு மாதிரி வீடுகள் கட்டத் தொடங்கின. ஆயினும் அவற்றிடம் இருந்த மூலதனம் சிறிது. நோயின் அளவுக்கு மருந்து போதவில்லை. இந்தச் சூழ்நிலையிலேதான் பீபாடியின் கொடை வந்தது.

ஜார்ஜ் பீபாடி லண்டனில் பிறந்தவர் அல்லர். ஆங்கிலேயரும் அல்லர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், டான்வர்ஸ் என்னும் ஊரில், 1795-ஆம் ஆண்டு ஏழைக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். சில ஆண்டுகளே பள்ளியில் பயின்று, 11 வயதில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் பால்டிமோர் நகரில் துணி வாணிகம் செய்து பொருளீட்டினார். 1837-இல் லண்டனில் குடியேறி, அமெரிக்கக் கடன் பத்திரங்களை ஐரோப்பியருக்கு விற்கும் வங்கித் தொழிலில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வரானார். இறுதிவரை மணம் செய்துகொள்ளாது எளிய வாழ்க்கை நடத்தினார். தாம் பிறந்த நாட்டில் நூலகங்களுக்கும் கல்விக்கும் வாரி வழங்கியவர், தமக்கு வாழ்வளித்த லண்டன் மாநகருக்கும் ஏதேனும் செய்ய விரும்பினார். குடிதண்ணீர்க் குழாய் மேடைகள் அமைக்கலாம் என்பது அவருக்கு முதலில் தோன்றிய எண்ணங்களுள் ஒன்று. ஏழைகளின் நலனுக்காகப் பாடுபட்டு வந்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் கருத்தோ, லண்டன் ஏழைகளின் தலையாய தேவை வீடே என்பதாக இருந்தது. பீபாடி அதனை ஏற்றுக்கொண்டார்.

1862-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 1,50,000 பவுன் நன்கொடையாக அறிவிக்கப்பட்டது. 1866-லும் 1868-லும் தலைக்கு 1,00,000 பவுனும், அவருடைய இறுதி விருப்பப்படி மேலும் 1,50,000 பவுனும் சேர்ந்து, மொத்தக் கொடை 5,00,000 பவுனாயிற்று. இதனை நிர்வகிக்க நியமிக்கப்பெற்ற முதல் அறங்காவலர் ஐவருள் இருவர் நம் பக்கத்து வரலாற்றோடும் தொடர்புடையவர்கள். ஸ்டான்லி பிரபு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிவுற்று 1858-இல் இந்தியா பிரிட்டிஷ் முடியின் கீழ் வந்தபொழுது, இந்தியாவுக்கென ஏற்பட்ட அமைச்சர் பதவியை முதன்முதலில் வகித்தவர். சர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், இலங்கை அரசாங்கத்தின் செயலராக இருந்து, அத்தீவைப் பற்றி விரிவான நூல் எழுதியவர்.

கொடையளித்தபொழுது பீபாடி விதித்த நிபந்தனைகள் கருதத்தக்கவை. பயன்பெறுவோர் ஏழைகளாகவும் நன்னடத்தை உடையவர்களாகவும் இருத்தல் வேண்டும். சமயத்தின் பெயராலோ அரசியல் கட்சியின் பெயராலோ எவரையும் விலக்கலாகாது. பிறப்பினாலாயினும் சரி, நெடிது வாழ்ந்து வேரூன்றியதனாலாயினும் சரி, லண்டன் மக்களுள் ஒருவராகியவர் எவரும் தகுதி உடையவரே. தாமே அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறியவராதலால், வந்தேறியென்று எவரையும் ஒதுக்கலாகாது என்பதில் அவர் கருத்தாயிருந்தார் போலும். பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் வாழ்வோர் இந்நிபந்தனையின் அருமையை எளிதில் உணர்வர்.

இனி, இவ்வறம் நடந்த முறையைக் காண்போம். அறங்காவலர்கள் வீடுகளை இலவசமாகக் கொடுக்கவில்லை. வாடகை வாங்கினர். ஆனால் சந்தையில் நிலவிய இலாபத்தை எதிர்பார்க்கவில்லை. அக்காலத்தில் தொழிலாளர் வீடுகளில் பணம் முடக்கிய நன்னோக்குடைய கம்பெனிகள் 100-க்கு 5 வீதம் இலாபம் பெறுவதைத் தம் இலக்காகக் கொண்டிருந்தன. பீபாடி அறக்கட்டளையோ 100-க்கு ஏறத்தாழ 3 வீதம் கிடைத்தால் போதுமென்று வாடகையை வகுத்தது. அந்த மூன்றும் எவருடைய பையிலும் சேரவில்லை. மீண்டும் வீடு கட்டவே அது செலவாயிற்று.

இதன் பொருளைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் கமர்ஷியல் தெருவில் எழுந்த முதற்கட்டடத்துக்கு ஆன செலவு 22,000 பவுன். 5,00,000 பவுன் முழுவதும் வீடுகளாக மாறி, 3 வீதம் வருவாய் தருமாயின், ஆண்டுக்கு 15,000 பவுன் கிட்டும். அதாவது, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை அத்தகைய கட்டடம் ஒன்றைப் புதிதாக எழுப்பலாம். புதிய கொடையாளர் வேண்டுவதில்லை. கையேந்த வேண்டுவதில்லை. இலவசமாகக் கொடுத்திருந்தால் பழுது பார்க்கவே பணமின்றி, ஒரு தலைமுறைக்குள் அறம் நின்றுபோயிருக்கும். விதைநெல்லை உண்ணாமல் விதைப்பது போன்ற செயல் இது. பெறுவோனுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. அவன் இரவலன் அல்லன். வாடகை கொடுத்துக் குடியிருப்பவன்.

மேற்கூறிய முதற்கட்டடம் 1864-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதனை வரைந்தவர் ஹென்றி டார்பிஷயர் என்னும் கட்டடக் கலைஞர். 57 குடியிருப்புகளும் ஒன்பது கடைகளும் அதில் இருந்தன. துணி துவைக்குமிடமும் குளிக்குமிடமும் மேல்மாடியில் அமைந்தன. இரண்டு குடும்பங்களுக்கு ஒன்றாகக் கழிப்பிடங்கள் மாடிப்படி அருகே இருந்தன. அடுத்து இஸ்லிங்டனில் எழுந்த குடியிருப்பில் ஒரு புதிய முறை கையாளப்பட்டது. கட்டடங்கள் ஒரு சதுக்கத்தைச் சுற்றி எழுப்பப்பெற்றன. நடுவில் இருந்த வெளி, காற்றும் வெளிச்சமும் புகுவதற்கு வழியாகவும் குழந்தைகள் வண்டிகளுக்கு அஞ்சாமல் விளையாடும் முற்றமாகவும் பயன்பட்டது. ஷாட்வெல், வெஸ்ட்மின்ஸ்டர், செல்சி முதலிய இடங்களிலும் குடியிருப்புகள் தொடர்ந்து தோன்றின. சுவர்களுக்கு உட்புறம் பூச்சு இல்லாமல் செங்கல் வெறுமையாக விடப்பட்டிருந்தது. மூட்டைப்பூச்சி முதலியன ஒளிந்துகொள்ள இடமிருக்கலாகாது என்பது கருத்து. பார்வைக்குப் படைவீரர் கொட்டடி போன்றிருக்கிறது என்று குறை கூறியோரும் உண்டு. ஆயினும் சந்துகளில் வாழ்ந்தோர்க்கு அது பெரிய மாற்றமே.

குடியிருப்போர் பின்பற்ற வேண்டிய விதிகள் கடுமையானவை. வாடகையை வாரந்தோறும் முன்கூட்டியே கட்டுதல் வேண்டும். நிலுவை வைக்க இடமில்லை. வேலை கொடுத்தவரிடமிருந்து நற்சான்று பெற்று வருதல் வேண்டும். வீட்டாருக்கு அம்மைத் தடுப்பு ஊசி குத்தியிருத்தல் வேண்டும். மாடிப்படியையும் நடையையும் முறைவைத்து நாள்தோறும் பெருக்கி, சனிக்கிழமை கழுவிவிடுதல் வேண்டும். நாய் வளர்த்தலாகாது. உள்வாடகைக்கு விடலாகாது. சில தொழில்களை வீட்டில் நடத்தலாகாது. இரவு 11 மணிக்கு வெளிக்கதவு அடைக்கப்படும். மேற்பார்வையாளர் ஒருவர் அங்கேயே தங்கியிருந்து இவை அனைத்தையும் கவனித்து வந்தார். இவ்விதிகளுட் சில நோயைத் தடுத்தன என்பதில் ஐயமில்லை. ஆர்தர் நியூஸ்ஹோம் என்னும் மருத்துவர் 1891-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பீபாடி குடியிருப்புகளில் இறப்பு விகிதம் நகரின் பொது விகிதத்தைவிடக் குறைந்திருந்ததையும், குழந்தைகள் இறப்பும் அவ்வாறே குறைந்திருந்ததையும் எடுத்துக் காட்டியது. அடுக்குமாடி வீட்டில் மக்கள் நெருங்கி வாழ்வதே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் அதனால் தளர்ந்தது.

ஆனால் நேயர்கள் இங்கு ஒரு கேள்வி கேட்கக்கூடும். அவ்வீடுகளில் வாழ்ந்தவர் யாவர்? இக்கேள்வியிலேதான் இவ்வறத்தின் குறை வெளிப்படுகிறது.

குடியிருந்தோருட் பெரும்பாலோர் நிலையான வேலையுள்ள தொழிலாளர்கள். சுமை தூக்குவோர், அச்சகத் தொழிலாளர், காவலர், வண்டியோட்டிகள் முதலியோர். அவர்களது வாரக் கூலி சராசரியாக ஒரு பவுனுக்குச் சற்று மேற்பட்டிருந்தது. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். வீட்டு வாடகை சராசரியாக 4 ஷில்லிங்குக்கும் 5 ஷில்லிங்குக்கும் இடைப்பட்டது. நிலையான கூலி பெறுவோன் இதனைக் கட்டிவிடுவான். இன்று வேலை, நாளை இல்லை என்றிருந்த துறைமுகக் கூலி எவ்வாறு வாரந்தவறாமல் முன்பணம் கட்டுவான்? நாளுக்கொருவரிடம் வேலை செய்பவனுக்கு நற்சான்று கொடுப்பவர் யார்? தெருவில் காய்கனி விற்பவன் தன் தள்ளுவண்டியையும் கழுதையையும் எங்கே நிறுத்துவான்? வீட்டிலேயே தொழில் செய்து பிழைத்தவர்களுக்கும் விதிகள் குறுக்கே நின்றன. ஆக, அறத்தின் வாயிலில் பலகை எதுவும் தொங்கவில்லையாயினும், மிகவும் ஏழையாக இருந்தவன் உள்ளே நுழைய இயலவில்லை. எந்த வாடகை அறத்தை நெடுங்காலம் வாழவைத்ததோ, அந்த வாடகையே அடிநிலையில் இருந்தவனை வெளியே நிறுத்தியது.

1875-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இக்குறை மேலும் தெளிவாயிற்று. உள்துறை அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ் கொண்டுவந்த அச்சட்டம், சுகாதாரக் கேடான பகுதிகளை வாங்கி இடித்து, தொழிலாளர் வீடு கட்டுவோருக்கு அம்மனைகளை விற்க நகர நிர்வாகத்துக்கு அதிகாரம் அளித்தது. பீபாடி அறக்கட்டளை, அரசின் கடனுதவியும் பெற்று, வைட்சாப்பல், ஒயிட்கிராஸ் தெரு, டிரூரி லேனுக்கு அருகிலுள்ள கிரேட் வைல்டு தெரு முதலிய இடங்களில் மனைகளை வாங்கியது. தொழிலாளர் வீடு கட்டும் பொருட்டு என்பதால், நிர்வாகம் தான் செலவிட்ட தொகையினும் மிகக் குறைந்த விலைக்கே அவற்றை விற்றது. பழைய வீடுகள் இடிந்தன. பல ஆண்டுகள் கழித்துப் புதிய வீடுகள் எழுந்தன. ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் புதிய வீடுகளுக்கு வந்தனர் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் முன்னரே பக்கத்துச் சந்துகளில் கலந்துவிட்டனர். அச்சந்துகள் முன்னிலும் நெருக்கமாயின. 1882-இல் அறக்கட்டளையின் 3,500 குடியிருப்புகளில் 14,600-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அது பெருஞ்சாதனையே. ஆயினும் ஒரு பகுதியைச் செப்பனிடும்பொழுது அங்கிருந்தோர் எங்கே போவர் என்னும் கேள்விக்கு அச்சாதனை விடையாகவில்லை.

பிறர் இக்குறையை உணராமல் இல்லை. 1865-இல் ஜான் ரஸ்கின் அளித்த பணத்தைக் கொண்டு ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணி வேறொரு வழியை மேற்கொண்டார். புதிய கட்டடம் எழுப்பாமல், பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து, அங்கிருந்த ஏழைகளையே குடியிருக்கச் செய்து, வாரந்தோறும் நேரில் சென்று வாடகை வாங்கினார். 1890-இல் எட்வர்டு கின்னஸ் தோற்றுவித்த அறக்கட்டளை, பீபாடி வீடுகளுக்கு வர இயலாத இன்னும் ஏழையரையே தன் நோக்கமாகக் கொண்டது. லண்டன் மாவட்ட மன்றம் என்னும் அரசு அமைப்பே 1893 முதல் 1900 வரை பவுண்டரி குடியிருப்பைக் கட்டியது. அங்கும் பழைய கதையே நிகழ்ந்தது. அதற்காக வீடிழந்த 5,700-க்கு மேற்பட்டோருள் புதிய வீடுகளில் குடியேறியவர் 11 பேர் மட்டுமே. தனியார் அறம் ஆயினும் அரசு ஆயினும், கட்டுமானச் செலவை வாடகையிலிருந்தே மீட்க வேண்டுமெனில், அடிநிலை ஏழைக்கு வீடு எட்டாது என்பது இதனால் விளங்கிற்று.

இம்முடிச்சு அவிழ்வதற்கு வேறொரு கை தேவைப்பட்டது. 1919-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் மூலம் நகர மன்றங்கள் வீடு கட்டுவதற்கு அரசாங்கம் பெருமளவில் மானியம் அளிக்கத் தொடங்கியது. அதாவது, செலவுக்கும் ஏழையின் சக்திக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பொதுப்பணம் நிரப்பத் தொடங்கியது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பீபாடி போன்ற அறநிலையங்களுக்கும் அத்தகைய மானியம் விரிவாகக் கிடைத்தது. வாடகை கட்ட இயலாதோருக்கு அரசு நேரடியாக உதவும் முறையும் பின்னர் ஏற்பட்டது. தேவை மிகுந்தோரை நகர மன்றம் அனுப்ப, அறநிலையம் வீடளிக்கும் ஏற்பாடும் வழக்கத்துக்கு வந்தது. நற்சான்று கேட்ட இடத்தில், தேவை எவ்வளவு என்று கேட்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

பீபாடி 1869-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் லண்டனில் காலமானார். விக்டோரியா அரசி அளிக்க முன்வந்த பட்டத்தை அவர் முன்னரே ஏற்க மறுத்துவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இறுதிச் சடங்கு நிகழ்ந்தபின், அவரது உடல் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்றது. அவர் பிறந்த ஊர்ப்பகுதி இன்று அவர் பெயராலேயே பீபாடி என வழங்குகிறது. அவரது அறக்கட்டளை இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பல கட்டடங்களை இழந்தும் நிலைத்து நின்றது. 2017-லும் 2022-லும் வேறு வீட்டுவசதி அமைப்புகள் அதனோடு இணைந்தன. இன்று அதன் பொறுப்பில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. கமர்ஷியல் தெருவின் முதற்கட்டடமும் நின்றுகொண்டிருக்கிறது. ஆயினும் அது இப்பொழுது தனியார் உடைமை.

நம் நாட்டிலும் வெளி மாநிலங்களில் வாழ்வோர் தம்மவருக்கெனச் சங்கங்கள் அமைத்து, விடுதியும் குடியிருப்பும் கட்ட முனைவதுண்டு. அவ்வாறு முனைவோருக்கு லண்டன் நகரின் 160 ஆண்டு அனுபவம் இரண்டு செய்திகளைக் கூறுகிறது. வரவு செலவுக் கணக்கில் காலூன்றாத அறம் நெடுநாள் நில்லாது என்பது ஒன்று. கணக்கு நேராக இருப்பதனாலேயே அறம் நிறைவேறிவிட்டதென்று எண்ணலாகாது என்பது மற்றொன்று. விதிகளை எழுதி முடித்தபின், கட்டடத் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்குமுன், அவ்விதிகளின்படி உள்ளே வர இயலாதவர் யாவர் என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தல் நன்று. அப்பட்டியலில் உள்ளவருக்கென ஒன்றிரண்டு அறைகளேனும் குறைந்த வாடகைக்கு ஒதுக்கி, அதனால் ஏற்படும் பள்ளத்தை எந்தப் பணத்தால் நிரப்புவது என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளல் வேண்டும்.